கொமடோர் 64 பேணலும் பழுதுநீக்கமும்

கொமடோர் 64 என்பது ஐக்கிய அமெரிக்காவின் கொமடோர் நிறுவனம் 1982 ஆம் ஆண்டில் வெளியிட்ட 8-பிட் வீட்டுக் கணினி ஆகும். 1994 இல் அந்நிறுவனம் திவாலாகும் வரை இது உற்பத்தியில் இருந்தது. தனியொரு மாதிரியாக மிக அதிகம் விற்கப்பட்ட மேசைக் கணினி இதுவே எனக் கருதப்படுகிறது. விற்பனை எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் 1 கோடியே 25 இலட்சம் முதல் 1 கோடியே 70 இலட்சம் வரை வேறுபடுகின்றன.

உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இக்கணினியை வீட்டிலேயே திறந்து பழுதுநீக்குவதும், அதற்காக எழுதப்பட்ட மென்பொருள்களை நகலெடுத்துப் பாதுகாப்பதும் பல நாடுகளில் ஆர்வலர்களால் தொடர்ந்து செய்யப்படுகின்றன. பழங்கணிமை எனப்படும் பொழுதுபோக்கில் மிகவும் அறியப்பட்ட துறைகளுள் இது ஒன்று. இதில் ஒரு காலநெருக்கடியும் உண்டு. இக்கணினியின் சிறப்புச் சில்லுகள் இப்போது உற்பத்தி செய்யப்படுவதில்லை. மென்பொருள்கள் பதிவான காந்த வட்டுகளும் ஒலிநாடாக்களும் ஆண்டுதோறும் சிதைந்து வருகின்றன. நகலெடுக்கப்படாமல் சிதையும் ஒரு வட்டில் இருந்தது வேறெங்கும் இல்லையெனில், அது நிரந்தரமாக அழிந்துவிடும்.

== வரலாறு ==

கொமடோர் நிறுவனத்தை நிறுவியவர் ஜாக் டிராமியல். போலந்தில் பிறந்த இவர் அவுசுவிட்சு வதைமுகாமில் இருந்து உயிர் தப்பியவர். தட்டச்சுப்பொறி வணிகத்தில் தொடங்கிக் கணிப்பான்களுக்கு மாறிய நிறுவனம், 1976 இல் மொஸ் டெக்னாலஜி என்னும் சில்லு உற்பத்தி நிறுவனத்தை வாங்கியது. சக் பெடில் தலைமையிலான குழு அங்கு உருவாக்கிய 6502 நுண்செயலி 1975 இல் 25 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் போட்டி நிறுவனங்களின் நுண்செயலிகள் இதைப் போல் பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டன. ஆப்பிள் II கணினியும் இதே நுண்செயலியைப் பயன்படுத்தியது.

1981 இல் மொஸ் பொறியியலாளர்கள் புதிய காட்சிச் சில்லு ஒன்றையும் ஒலிச் சில்லு ஒன்றையும் வடிவமைத்தனர். காட்சிச் சில்லான விஐசி-2 இன் வடிவமைப்பில் அல் சார்பென்டியரும், ஒலிச் சில்லான சிட் 6581 இன் வடிவமைப்பில் பாப் யானசும் முதன்மைப் பங்கு வகித்தனர். இவ்விரு சில்லுகளையும் கொண்டு, 64 கிலோபைட்டு நினைவகத்துடன் ஒரு கணினியை உருவாக்க முடிவு செய்யப்பட்டது. 1982 சனவரியில் லாஸ் வேகசு நகரில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் அது காட்சிப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் 595 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. சில்லுகளைத் தன் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டதால், நிறுவனத்தால் விலையை விரைவாகக் குறைக்க முடிந்தது.

1986 இல் கொமடோர் 64சி என்ற பெயரில், தட்டையான புதிய கூட்டுடன் மாற்று வடிவம் வெளியானது. மேற்கு செருமனி இதன் முக்கியச் சந்தைகளுள் ஒன்றாக விளங்கியது. 1994 ஏப்பிரலில் கொமடோர் திவாலானது. அதன் உடைமைகளை 1995 இல் வாங்கிய செருமனியின் எசுகொம் நிறுவனமும் 1996 இல் திவாலானது.

== வன்பொருள் அமைப்பு ==

வீட்டில் பழுதுநீக்குவதற்கு இக்கணினி ஏற்றதாக இருப்பதற்கு அதன் அமைப்பே காரணம். பாகங்களின் கால்கள் பலகையின் துளைகள் வழியாகச் சென்று மறுபுறம் பற்றாசு வைக்கப்பட்டுள்ளன. எனவே சாதாரணப் பற்றாசுக்கோல் கொண்டே ஒரு பாகத்தைக் கழற்றி மாற்ற இயலும். கொமடோர் 1982 இல் வெளியிட்ட நிரலாளர் கையேட்டிலேயே மின்சுற்று வரைபடமும் இணைக்கப்பட்டிருந்தது. முக்கியச் சில்லுகள் பின்வருமாறு:

* 6510 நுண்செயலி: 6502 இன் மாறுபட்ட வடிவம். பால் தொலைக்காட்சி முறைக்கான கணினிகளில் 0.985 மெகாஏர்ட்சிலும், என்டிஎஸ்சி முறைக்கானவற்றில் 1.023 மெகாஏர்ட்சிலும் இயங்கும்.
* விஐசி-2: 320×200 படப்புள்ளிகள், 16 நிறங்கள், தனித்து நகரக்கூடிய 8 ஸ்பிரைட் உருவங்கள் ஆகியவற்றை வழங்கும் காட்சிச் சில்லு.
* சிட்: மூன்று குரல்களும் ஒரு வடிகட்டியும் கொண்ட ஒலிச் சில்லு. முதலில் 6581 ஆகவும் பின்னர் 8580 ஆகவும் வெளிவந்தது.
* சிஐஏ 6526: இரண்டு சில்லுகள். முதலாவது விசைப்பலகையையும் விளையாட்டுக் கைப்பிடிகளையும், இரண்டாவது வட்டு இயக்கிக்கான தொடர் இணைப்பையும் கவனிக்கின்றன.
* ரேம்: 64 கிலோபைட்டு. தொடக்ககாலப் பலகைகளில் எட்டுச் சில்லுகள். பிற்காலப் பலகைகளில் இரண்டு.
* ரோம்: மொத்தம் 20 கிலோபைட்டு. இதில் பேசிக் மொழிக்கு 8, கெர்னல் எனப்படும் அடிப்படை நிரல்தொகுதிக்கு 8, எழுத்து வடிவங்களுக்கு 4.
* பிஎல்ஏ: முகவரிகளைப் பங்கிடும் தருக்கச் சில்லு.

இவற்றுள் பிஎல்ஏயின் பணி விளக்கத்திற்குரியது. 6510 நுண்செயலியால் 65,536 முகவரிகளை மட்டுமே சுட்ட முடியும். இவை அனைத்தையும் ரேமே நிரப்பி விடுகிறது. எனவே 20 கிலோபைட்டு ரோமும் பிற சில்லுகளின் கட்டுப்பாட்டு இடங்களும் அதே முகவரிகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு குறிப்பிட்ட நொடியில் ஒரு முகவரியில் நுண்செயலிக்குத் தெரிய வேண்டியது ரேமா, ரோமா, காட்சிச் சில்லா என்பதை பிஎல்ஏ முடிவு செய்கிறது. இந்த ஒரு சில்லு பழுதடைந்தால் மற்ற அனைத்தும் நலமாக இருந்தும் கணினி இயங்காது.

== தொடக்கத் திரையும் 38911 பைட்டுகளும் ==

கணினியை இயக்கியவுடன் நீலத் திரையில், பேசிக் மொழிக்கு 38911 பைட்டுகள் உள்ளன என்ற அறிவிப்பு தோன்றும். பழுதுநீக்குவோர் முதலில் கவனிப்பது இந்த எண்ணையே.

தொடக்கத்தில் கெர்னல் நிரல் ஒரு நினைவகச் சோதனையைச் செய்கிறது. 1024 ஆம் முகவரியில் தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் ஒரு மதிப்பை எழுதி, அதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டபடி மேலே செல்கிறது. 40960 ஆம் முகவரியில் பேசிக் ரோம் தொடங்குகிறது. அங்கே எழுதப்படுவது கீழுள்ள ரேமுக்குச் செல்லும். ஆனால் படிக்கும்போது ரோமின் உள்ளடக்கமே வரும். இரண்டும் ஒத்துப்போகாததால், நினைவகம் அங்கே முடிவதாகக் கெர்னல் கொள்கிறது. பேசிக் நிரலுக்கான பகுதி 2048 இல் தொடங்குகிறது. 40960 இலிருந்து 2048ஐக் கழித்தால் 38912. அதில் முதல் பைட்டு பேசிக் மொழியின் தேவைக்காக ஒதுக்கப்படுவதால் எஞ்சுவது 38911 ஆகும்.

இந்த எண் குறைவாகத் தோன்றினால், நினைவகத்தின் நடுவே ஓர் இடத்தில் பழுது உள்ளது எனவும், அந்த இடம் ஏறத்தாழ எங்கே உள்ளது எனவும் கணித்து அறியலாம். நினைவகம் போதவில்லை என்ற வழுச்செய்தி தொடக்கத்திலேயே வருமாயின், பெரும்பாலும் ரேம் சில்லு ஒன்றே காரணமாக இருக்கும்.

== பொதுவான பழுதுகள் ==

=== மின்வழங்கி ===

கொமடோர் 64 இன் பெரும் பகை அதன் சொந்த மின்வழங்கியே எனலாம். இது கணினிக்கு 5 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தையும் 9 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தையும் வழங்குகிறது. பல மின்வழங்கிகளின் உட்புறம் பிசின் ஊற்றி அடைக்கப்பட்டுள்ளதால் அவற்றைத் திறந்து சீர்செய்ய இயலாது. வெப்பமும் எளிதில் வெளியேறாது. ஆண்டுகள் பல வெப்பத்தில் இருந்து மின்னழுத்த ஒழுங்காக்கி பழுதடையும்போது, வெளியீடு 5 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து விடுவது உண்டு. வழக்கமான தருக்கச் சில்லுகளுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 5.25 வோல்ட்டு மட்டுமே. இவ்வாறு உயரும் மின்னழுத்தம் ரேம் சில்லுகளையும் பிற சில்லுகளையும் சில நொடிகளில் அழித்துவிடக்கூடும்.

பழைய மின்வழங்கியை ஒருமுறை அளந்து பார்த்து நலமாக உள்ளது என முடிவு செய்வது போதுமானதன்று. வெப்பமடைந்த பின்னரே பழுது வெளிப்படலாம். எனவே புதிதாகச் செய்யப்பட்ட மின்வழங்கியைப் பயன்படுத்துவது, அல்லது மின்னழுத்தம் வரம்பைத் தாண்டியவுடன் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுற்றை இடையில் பொருத்துவது என்ற இரண்டு வழிகளுள் ஒன்றை ஆர்வலர்கள் பின்பற்றுகின்றனர். வெளிநாட்டில் இருந்து பெறப்பட்ட மின்வழங்கி 110 வோல்ட்டுக்கு உரியதா, 230 வோல்ட்டுக்கு உரியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

=== கறுப்புத் திரை ===

மிகப் பரவலான பழுது, கணினியை இயக்கியும் திரை கறுப்பாகவே இருப்பது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. மிக எளியது ஃபியூஸ் எரிந்து போவது. தொடக்ககாலப் பலகைகளில் விஐசி-2 சில்லுக்குத் தேவையான 12 வோல்ட்டு, 9 வோல்ட்டு மாறுமின்னோட்டத்தில் இருந்தே பெறப்படுகிறது. அந்த வழியில் உள்ள ஃபியூஸ் எரிந்தால், இயங்குவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபோதும் படம் வராது. இதைக் கவனியாமல் நல்ல சில்லுகளைக் கழற்றி வீணாக்கியவர்கள் பலர்.

அடுத்த காரணம் பிஎல்ஏ. வெப்பத்தால் மிக எளிதில் பழுதடையும் சில்லுகளுள் இது ஒன்று. இதற்கு மாற்றாக, நிரலாக்கத்தக்க தருக்கச் சில்லுகளைக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கிய சிறு பலகைகள் கிடைக்கின்றன. சாதாரண ஈபிரோம் சில்லில் அதே அட்டவணையை எழுதியும் பயன்படுத்தலாம். எனினும் அதன் வேகம் மூலச் சில்லில் இருந்து வேறுபடுவதால், சில கணினிகளில் காட்சிக் குறைகள் தோன்றும்.

ரேம் சில்லுகள், ரோம் சில்லுகள், மொஸ் நிறுவனமே தயாரித்த சில தருக்கச் சில்லுகள் ஆகியவையும் கறுப்புத் திரைக்குக் காரணமாகலாம்.

=== கைப்பிடியும் விசைப்பலகையும் ===

விளையாட்டுக் கைப்பிடிக்கான இணைப்புவாய்கள் முதலாவது சிஐஏ சில்லுடன் நேரடியாக இணைந்துள்ளன. உலர்ந்த காலத்தில் உடலில் சேரும் நிலைமின், அந்த ஊசிகளை விரலால் தொடும்போது சில்லுக்குள் பாய்ந்து அதை அழிக்க வல்லது. சில விசைகள் மட்டும் இயங்காமை இதன் அறிகுறிகளுள் ஒன்று. இரண்டு சிஐஏ சில்லுகளும் ஒரே வகை என்பதால், அவற்றை இடம் மாற்றிப் பொருத்திப் பார்ப்பது எளிய சோதனை. பழுது விசைப்பலகையில் இருந்து வட்டு இயக்கிக்கு இடம் மாறினால் சில்லே காரணம் என உறுதி செய்யலாம்.

=== ஒலிச் சில்லு ===

சிட் சில்லுக்கு இன்று விலை அதிகம். இசைக்கருவிகளில் பயன்படுத்துவதற்காகவும் இது தேடப்படுவதே காரணம். 6581 வகைக்கு 12 வோல்ட்டும் 8580 வகைக்கு 9 வோல்ட்டும் தேவை. வடிகட்டிக்கான மின்தேக்கிகளின் அளவும் வேறு. 8580 சில்லைப் பழைய பலகையில் அப்படியே பொருத்தினால் மிகை மின்னழுத்தத்தால் அது அழிந்துபோகலாம்.

6581 சில்லின் வடிகட்டி ஒரு சில்லுக்கும் மற்றொன்றுக்கும் இடையே கேட்டறியத்தக்க அளவு வேறுபடும். எனவே ஒரே பாடல் இரண்டு கணினிகளில் வேறு வேறாக ஒலிக்கும். ஒலியளவுக் கட்டுப்பாட்டை விரைவாக மாற்றி, பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்யும் உத்தி 6581 இன் ஒரு குறைபாட்டையே பயன்படுத்திக் கொண்டது. அக்குறைபாடு 8580 இல் பெரிதும் நீக்கப்பட்டதால், அதில் அத்தகைய குரல்கள் மிக மெலிதாகவே கேட்கும்.

== பழுதறியும் முறை ==

பழுதுநீக்குவோர் பொதுவாகப் பின்வரும் வரிசையைப் பின்பற்றுகின்றனர்:

# கணினியுடன் இணைக்கும் முன்பு மின்வழங்கியின் இரு வெளியீடுகளையும் மல்டிமீட்டர் கொண்டு அளத்தல்.
# ஃபியூசைச் சோதித்தல். பலகையில் உடைந்த இணைப்போ அரிப்போ உள்ளதா எனக் கண்ணால் பார்த்தல்.
# சில நிமிடங்கள் இயக்கியபின் சில்லுகளின் வெப்பத்தை ஒப்பிடுதல். ஒரே வகையான எட்டு ரேம் சில்லுகளுள் ஒன்று மட்டும் கையைச் சுடுமாயின் அது ஐயத்திற்குரியது.
# சோதனைக் கார்ட்ரிட்ஜைப் பொருத்துதல்.
# கழற்றத்தக்க சாக்கெட்டில் உள்ள சில்லுகளை முதலில் மாற்றிப் பார்த்தல்.
# இறுதியாகவே பற்றாசு நீக்குதல்.

சோதனைக் கார்ட்ரிட்ஜ் என்பது கொமடோர் தன் பழுதுநீக்கு நிலையங்களுக்காக உருவாக்கியது. கெர்னல் ரோமை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த நிரலை இது இயக்கும். ரேமில் பழுது இருந்தால் திரை மின்னி மறையும். எத்தனை முறை மின்னுகிறது என்பதைக் கொண்டு எட்டில் எந்தச் சில்லு பழுது என அறியலாம். இன்று இதன் நகல்கள் ஆர்வலர்களால் செய்யப்படுகின்றன.

கணினிக்குள் உயர் மின்னழுத்தம் இல்லை. ஆயின் முதல் வகை 1541 வட்டு இயக்கியின் மின்மாற்றி அதன் உள்ளேயே உள்ளதால், மின் இணைப்புடன் அதைத் திறப்பது ஆபத்தானது. பழைய குழல் திரைகள் அணைக்கப்பட்ட பின்னரும் உயிருக்கு ஊறு செய்யத்தக்க மின்னூட்டத்தைத் தாங்கியிருக்கக்கூடும். அவற்றைத் திறப்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணி.

== மென்பொருள் ==

இக்கணினியின் பேசிக் மொழி மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடம் இருந்து உரிமம் பெறப்பட்டது. இதில் படம் வரையவோ ஒலி எழுப்பவோ தனிக் கட்டளைகள் இல்லை. 'போக்' என்னும் கட்டளையால் குறித்த முகவரியில் ஓர் எண்ணை எழுதியே அனைத்தையும் செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 53280 ஆம் முகவரியில் 0 என எழுதினால் திரையின் ஓரம் கறுப்பாகும். இக்குறைபாடு பயனரை இயந்திரத்தின் அருகில் கொண்டு சென்றது. பேசிக் கற்கத் தொடங்கிய மாணவர், சில்லுகளின் முகவரிகளையும் இரும எண்களையும் அறியாமல் முன்னேற முடியாது. அவ்வாறு கற்ற பலர் பின்னர் இயந்திரமொழியில் எழுதத் தொடங்கினர்.

1980களில் இதழ்கள் நிரல்களை அச்சிட்டு வெளியிட்டன. வாசகர் அவற்றை வரி வரியாகத் தட்டச்சு செய்து இயக்குவர். அமெரிக்காவின் கம்ப்யூட்ஸ் கெசட் இதழ் 1984 சனவரியில் ஸ்பீடுஸ்கிரிப்ட் என்ற முழுமையான சொற்செயலியையே இவ்வாறு வெளியிட்டது. எண்களைத் தட்டச்சு செய்வதில் நேரும் பிழைகளை ஒவ்வொரு வரியிலும் சரிபார்க்கும் துணைநிரல்களும் இதழ்களில் வந்தன. 1986 இல் பெர்க்லி சாஃப்ட்வொர்க்ஸ் வெளியிட்ட ஜியோஸ், 64 கிலோபைட்டு நினைவகத்திலேயே சாளரங்களும் பட்டியல்களும் எழுத்துருக்களும் கொண்ட வரைகலை இயங்குதளமாக அமைந்தது.

== வட்டுகளில் இருந்து மீட்டல் ==

1541 வட்டு இயக்கி தன்னளவில் ஒரு கணினி. இதற்குள் தனி 6502 நுண்செயலியும் 2 கிலோபைட்டு ரேமும் உள்ளன. 5¼ அங்குல நெகிழ்வட்டின் ஒரு பக்கத்தில் 35 தடங்களில் தரவு பதிவாகும். வெளித்தடங்கள் நீளமானவை என்பதால் அவற்றில் அதிகக் கூறுகள் இடம்பெறுகின்றன: முதல் 17 தடங்களில் 21 கூறுகள், அடுத்த 7 தடங்களில் 19, அடுத்த 6 தடங்களில் 18, இறுதி 5 தடங்களில் 17. மொத்தம் 683 கூறுகள். கூறு ஒன்றுக்கு 256 பைட்டு எனில் 1,74,848 பைட்டுகள். டி64 எனப்படும் வட்டுப் படிமக் கோப்பின் வழக்கமான அளவு இதுவே. வேறு வகை இயக்கிகள் இம்முறையைப் பின்பற்றாததால், மற்ற கணினிகளின் நெகிழ்வட்டு இயக்கியும் கட்டுப்படுத்தியும் இவ்வட்டுகளை நேரடியாகப் படிக்க மாட்டா.

வட்டுகளைப் படிமமாக்க இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 1541 இயக்கியையே யூஎஸ்பி இணைப்பி வழியாக இன்றைய கணினியுடன் இணைத்துப் படித்தல். இதற்கு ஓப்பன்சிபிஎம் என்ற கட்டற்ற மென்பொருள் பயன்படுகிறது. இரண்டாவது, கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகளால் வட்டின் காந்தப்பாய மாற்றங்களையே நேர அளவுடன் பதிவு செய்தல். இம்முறையில் தரவின் பொருளைப் பின்னர் மென்பொருளால் ஆராயலாம்.

இரண்டாவது முறைக்குத் தேவை ஏற்படுவது நகல் தடுப்பு உத்திகளால். வணிக நிறுவனங்கள் தம் வட்டுகளில் வேண்டுமென்றே பிழையான கூறுகளை வைத்தன. 35 தடங்களுக்கு அப்பால் எழுதின. தடங்களுக்கு இடையிலும் எழுதின. டி64 வடிவம் கூறுகளின் உள்ளடக்கத்தை மட்டுமே தாங்குவதால், இத்தகைய நுட்பங்களை அது இழந்துவிடும். தடத்தில் பதிவான குறிமுறையைத் தாங்கும் ஜி64 வடிவம் இக்குறையைப் பெருமளவு போக்குகிறது. 1541 இயக்கியில் முதல் தடத்தை உணரும் கருவி இல்லை. பிழை நேரும்போதெல்லாம் தலை பின்சென்று தடுப்பில் மோதி ஓசை எழுப்பும். நகல் தடுப்புக்காக வைக்கப்பட்ட பிழைகளே பல இயக்கிகளின் தலை சீரமைவு கெடக் காரணமாயின.

பழைய வட்டைப் படிக்கும் முன் அதன் எழுதுதடுப்புப் பள்ளத்தை ஒட்டி மூடுவதும், பூஞ்சை உள்ளதா எனப் பார்ப்பதும் இன்றியமையாதவை. பூஞ்சை படிந்த வட்டு இயக்கியின் தலையைக் கெடுக்கும். கெட்ட தலை அடுத்துச் செருகப்படும் நல்ல வட்டின் காந்தப்பூச்சைச் சுரண்டிவிடும். ஒரு வட்டு ஒருமுறை மட்டுமே படிக்கும் நிலையில் இருக்கலாம் என்பதால், முதல் சுற்றிலேயே முழுப் படிமம் எடுக்கப்படுகிறது. முடிந்தால் இரண்டாம் முறையும் படித்து ஒப்பிடுவர்.

=== குறிப்பிடத்தக்க மீட்புகள் ===

இதே காலப்பகுதியைச் சேர்ந்த பிற கணினிகளில் நிகழ்ந்த இரண்டு மீட்புகள் இப்பணியின் பயனை விளக்குகின்றன. ஜோர்டன் மெக்னர் 1989 இல் ஆப்பிள் II கணினிக்காக வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாட்டின் மூலநிரல் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 2012 இல் அவரது தந்தை வீட்டில் ஒரு பெட்டியில் அவ்வட்டுகளைக் கண்டெடுத்தார். ஆர்வலர்களின் உதவியுடன் அவை படிக்கப்பட்டு மூலநிரல் வெளியிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, மூலநிரல் கிடைக்காத நிலையில், இயங்கும் நிரலை மீள்பொறியியல் முறையில் ஆராய்ந்து இதே விளையாட்டை ஆர்வலர்கள் கொமடோர் 64க்குக் கொண்டு வந்திருந்தனர்.

ஓவியர் ஆன்டி வார்ஹோல் 1985 இல் கொமடோர் அமிகா கணினியில் வரைந்த படங்கள், அவரது அருங்காட்சியகத்தில் இருந்த நெகிழ்வட்டுகளில் இருந்து மீட்கப்பட்டு 2014 இல் அறிவிக்கப்பட்டன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாணவர் கணினிக் கழகம் இப்பணியைச் செய்தது. வட்டுகளைப் படித்த பின்னரும், அறியப்படாத கோப்பு வடிவத்தை ஆராய்ந்தே படங்களைக் காண முடிந்தது.

== போன்மிகளும் மாற்று வன்பொருளும் ==

போன்மி என்பது ஒரு கணினியின் செயற்பாட்டை மற்றொன்றில் மென்பொருளால் நிகழ்த்திக் காட்டுவது. கொமடோர் 64க்கு மிகவும் அறியப்பட்டது வைஸ் என்னும் கட்டற்ற போன்மி. இதன் தொடக்கம் 1993 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விஐசி-2 சில்லு ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் என்ன செய்கிறது என்பதைப் பின்பற்றுவதால், நுண்ணிய நேரக்கணக்கில் எழுதப்பட்ட நிரல்களும் இதில் இயங்குகின்றன. 2018 இல் இணைய ஆவணகம் இப்போன்மியின் துணையுடன் ஆயிரக்கணக்கான கொமடோர் 64 நிரல்களை உலாவியிலேயே இயக்க வழிசெய்தது.

மூல வன்பொருளைப் பயன்படுத்துவோர்க்கும் துணைக்கருவிகள் உள்ளன. நினைவக அட்டையில் இருந்து வட்டுப் படிமங்களை வழங்கும் எஸ்டி2ஐஇசி, 1541 இயக்கியைத் துல்லியமாகப் பின்பற்றும் 1541 அல்டிமேட், சிட் சில்லுக்கு மாற்றான ஆர்ம்சிட் ஆகியவை எடுத்துக்காட்டுகள். தனிப் பாகங்களைக் கொண்டு முழுக் கணினியையும் புதிதாகப் பொருத்தும் அளவுக்குத் தாய்ப்பலகைகளும் கூடுகளும் மறுஉருவாக்கம் செய்யப்பட்டுள்ளன. கொமடோர் என்ற வணிகப்பெயரில் 2025 இல் புதிய கொமடோர் 64 அல்டிமேட் கணினி அறிவிக்கப்பட்டது.

== பதிப்புரிமை ==

பழைய மென்பொருள் விற்பனையில் இல்லை என்பதால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடுவதில்லை. நிறுவனங்கள் மூடப்பட்டு உரிமைகள் பலமுறை கைமாறியுள்ளதால், ஒரு நிரலுக்கு இன்று உரிமையாளர் யார் என்பதையே அறிய முடியாத நிலையும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் நகல் தடுப்பை உடைப்பதைத் தடை செய்தது. எனினும் வழக்கொழிந்த வடிவங்களில் வெளியான நிரல்களுக்கும் நிகழ்பட விளையாட்டுகளுக்கும் 2003 இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2006 இல் அவ்விலக்கு, நூலகங்களும் ஆவணகங்களும் பேணலுக்காகச் செய்யும் நகலெடுப்புக்கு உரியதாக வரையறுக்கப்பட்டது. முதலில் உடைத்துப் பரப்பியவர்களின் நகல்களாகவே பல நிரல்கள் இன்று எஞ்சியுள்ளன என்பது இத்துறையில் ஒரு முரண்.

== விவாதங்கள் ==

ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடுள்ள செயல்கள் சில உள்ளன. மின்தேக்கிகள் அனைத்தையும் முன்னெச்சரிக்கையாக மாற்றிவிட வேண்டும் எனச் சிலர் கூறுவர். கொமடோர் 64 இன் மின்தேக்கிகள் பெரும்பாலும் நன்னிலையில் இருப்பதாகவும், தேவையற்ற பற்றாசு நீக்கம் பழைய பலகையின் செப்புத் தடங்களைப் பெயர்த்துவிடும் எனவும் மற்றவர்கள் மறுப்பர்.

மஞ்சளாகிய கூட்டை ஐதரசன் பெரொட்சைடு பூசிப் புறஊதா ஒளியில் வைத்து வெளுக்கச் செய்யும் முறை 2008 முதல் பரவியது. சீராகப் பூசப்படாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். வெளுத்த கூடு சில ஆண்டுகளில் மீண்டும் மஞ்சளாவதும் உண்டு. இக்கரைசல் தோலையும் கண்ணையும் புண்படுத்துவதால் கையுறையும் கண்காப்பும் தேவை.

அருங்காட்சியகப் பேணலின் நெறியான மீளச்செய்யத்தக்க மாற்றம் என்பதைப் பலரும் ஏற்கின்றனர். இதன்படி, கழற்றிய சில்லுக்குப் பதில் சாக்கெட் பொருத்தப்படும். கழற்றிய மூலப் பாகம் கணினியுடனேயே வைக்கப்படும். செய்த மாற்றங்கள் ஒரு தாளில் எழுதப்படும். பிறரிடம் இருந்து வாங்கிய வட்டுகளில் முந்தைய உரிமையாளரின் கடிதங்களோ கணக்குகளோ இருப்பின், அவற்றை வெளியிடாமல் விடுவதும் நெறியாகக் கொள்ளப்படுகிறது.

== இன்றைய பயன்பாடு ==

கொமடோர் 64 ஆர்வலர்களிடம் உயிர்ப்புடன் உள்ளது. குறுகிய நினைவகத்தில் ஒலியும் ஒளியும் கலந்த காட்சிகளை நிரலாக்கும் டெமோசீன் பண்பாடு இக்கணினியில் வேரூன்றியது. இப்பண்பாட்டை 2020 இல் பின்லாந்தும் 2021 இல் செருமனியும் தத்தம் தேசியப் பட்டியல்களில் தொட்டுணரா மரபாகச் சேர்த்தன. சிட் இசையைத் திரட்டும் ஐ வோல்டேஜ் சிட் தொகுப்பில் 50,000க்கும் மேற்பட்ட ஆக்கங்கள் உள்ளன. போலந்தின் கதான்ஸ்க் நகரில் உள்ள வாகனப் பழுதுபார்ப்பகம் ஒன்று, கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு கொமடோர் 64சி கணினியைக் கொண்டு உந்துதண்டுகளைச் சமன் செய்து வந்தது 2016 இல் செய்தியானது.

ஒரே மனிதர் முழுமையாக அறிந்துகொள்ளத்தக்க அளவில் அமைந்த கணினி என்பதால், கணினிக் கட்டமைப்பைக் கற்பிக்கும் கருவியாகவும் இது பயன்படுகிறது. மின்வழங்கியில் இருந்து திரையில் தோன்றும் எழுத்து வரை ஒவ்வொரு படியையும் மின்சுற்று வரைபடத்திலும் கெர்னல் நிரலிலும் தொடர்ந்து காண முடிவது மாணவர்க்குப் பெரும் பயன் தருவதாகும்.